கரடிக்குப் புறப்பட்ட கலாவதி

பாரிசின் லா சப்பலில் கலாவதியை அறியாதவர்கள் குறைவு. அறிந்தவர்களுக்கும் அவள் கையால் சமைத்த ஏதாவது ஒன்றைச் சொன்னால்தான் ஆள் நினைவுக்கு வருவாள். தேர்த் திருவிழா அன்னதானமா, கலாவதி. விளையாட்டுக் கழகத்தின் ஒன்றுகூடலா, கலாவதி. யாருடைய மகளுக்காவது சாமத்தியச் சடங்கு, மண்டபத்தில் ஐந்நூறு பேர் என்றால் முதல் தொலைபேசி அழைப்பு அவளுக்குத்தான். பிழைப்பும் அதே அடுப்படியில்தான். பத்தாம் வட்டாரத்தில் தியரி என்ற பிரெஞ்சுக்காரரின் உணவகத்தில் பத்தொன்பது வருடங்களாகச் சமைக்கிறாள். நாற்பத்தெட்டு வயது. இதில் ஒரு மனக்குறையும் அவளுக்கு இருக்கவில்லை, கரடிப் பேச்சு எழும் வரைக்கும்.

தியரிக்கு வேட்டை என்றால் உயிர். இலையுதிர் காலம் தொடங்கினால் ஞாயிறுகளில் காட்டுக்குப் போய்விடுவார். திங்கள் காலை அவருடைய வண்டியின் பின்பக்கத்தில் ஒரு காட்டுப்பன்றி தோலும் மயிருமாகக் கிடக்கும். உணவகத்துக்கு முதலாளிதான், பத்ரோன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், ஆனால் அவருக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது. மேசைகளுக்கிடையே நடந்து சிரிப்பதும் வைன் ஊற்றுவதும் அவர் பாடு. பன்றியை உரித்துத் துண்டாக்குவது கலாவதியின் பாடு. ஒருநாள் உரித்துக்கொண்டே, இது ஓடும்போது பின்னாலிருந்து சுட்டது, சுட்ட ஆள் அவசரப்பட்டிருக்கிறார் என்று போகிறபோக்கில் சொன்னாள். வாசலில் தியரி நின்றிருந்தார். சுட்ட ஆள் அவர்தான்.

அடுத்த ஞாயிறு அவளையும் கூட்டிப் போனார். மரங்களைத் தடியால் தட்டிப் பன்றிகளைக் கலைக்கிறவர்களோடு அவளை விட்டார்கள். அவள் தமிழில் கத்திக் கலைத்தாள். மற்றவர்களின் பிரெஞ்சுக்கு எழும்பாத பன்றிகள் அவளுடைய தமிழுக்கு எழும்பின என்று தியரி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். இரண்டு வருடம் தடியோடு நடந்தவள், நாற்பத்தொரு வயதில் வேட்டை அனுமதிக்கான பரீட்சையை எழுதித் தேறினாள்.

யுத்த காலத்தில் ஊரில் அவள் பார்த்த துப்பாக்கிகள் எல்லாம் மற்றவர்களின் தோளில் தொங்கியவை. தோளில் தொங்கவிட்டவர்கள் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும், அவர்கள் சொன்னபடிதான் அவள் வீட்டார் எழுந்தார்கள், இருந்தார்கள், கதவைப் பூட்டிக்கொண்டு நடந்தார்கள். பரீட்சைக்காக முதல்முறை ஒன்றைக் கையில் எடுத்தபோது பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. இறைச்சிக் கத்தியைப் போல அதற்கும் ஓர் எடை இருந்தது, ஒரு பிடி இருந்தது. அவ்வளவுதான்.

சென்ற கார்த்திகையில் தியரி கரடிப் பயணத்தை அறிவித்தார். மே மாதக் கடைசியில் கனடா, கியூபெக்கின் வடக்குக் காடு, குளிர்கால உறக்கம் கலைந்து வெளியே வரும் கருங்கரடி. அங்குள்ள வழிகாட்டி ஒருவர் மூன்று பேருக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். நீ வந்தால் எங்களுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை என்று தியரி கலாவதியிடம் சொன்னார். அவள் அன்றைக்கே வேட்டைச் சப்பாத்துகளை எடுத்துத் துடைத்து வைத்தாள். ஒரு கிழமை கழித்துத்தான் விளங்கியது. சுடப்போகிற மூன்று பேர் தியரி, அவருடைய வேட்டைக் குழுவைச் சேர்ந்த நீக்கிலாஸ், ஸ்டெஃபானி. கலாவதி நான்காவது ஆள். அவளுக்கான இடம் முகாமின் அடுப்படி.

திங்கட்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரங்கள் கழுவப்பட்ட பிறகு, அவள் ஈரக் கையோடு தியரியின் முன்னால் போய் நின்று, துப்பாக்கியோடு வருவதென்றால் வருகிறேன், இல்லாவிட்டால் வரவில்லை என்று பிரெஞ்சில் ஒரே மூச்சில் சொன்னாள். தியரி தலையைச் சொறிந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஸ்டெஃபானிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கடைசியில் ஒரு வழி சொன்னார். ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமை, சூட்டுப் பயிற்சித் திடலில், நூறு மீட்டர் தூரத்தில் ஒரு சூப் தட்டு அகலத்துக்கு வட்டம். ஐந்து தோட்டா. ஐந்தும் வட்டத்துக்குள் விழுந்தால் மூன்றாவது இடம் அவளுக்கு. ஒன்று தவறினாலும் ஸ்டெஃபானிக்கு. அன்று மாலைக்குள் வழிகாட்டிக்குப் பெயர்களை அனுப்ப வேண்டும். தவறினாலும் நீ சமையலுக்கு வரலாம்தானே என்று தியரி முதுகில் தட்டினார். அதை அவர் அன்போடுதான் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுட்டது.

பயணத்தின் திட்டம் முழுவதும் நீக்கிலாஸின் கையில் இருந்தது. புதுச்சேரிக்காரர். முப்பத்தைந்து வருடம் தபால் பிரித்து ஓய்வு பெற்று, பாரிஸ் புறநகரான லெ பிளாங்-மெனிலில் இருக்கிறார். வேட்டையாடுவதை விட வேட்டைக்குத் திட்டம் போடுவதில்தான் அவருக்கு ருசி. பச்சைக் கோப்பில் துப்பாக்கிப் பத்திரங்கள், மஞ்சளில் பயணம், நீலத்தில் கரடி. கனடாச் சுங்கத்தில் கொடுக்க வேண்டிய படிவத்தை முன்கூட்டி நிரப்பலாம், ஆனால் அதிகாரியின் கண்முன்னால்தான் கையெழுத்திட வேண்டும் என்பதை அவர் ஒவ்வொரு சந்திப்பிலும் நினைவூட்டுவார். கலாவதி தேறுவாள் என்று அவர் ஒருநாளும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் பச்சைக் கோப்பில் அவளுடைய துப்பாக்கி இலக்கத்தையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

சந்திப்புகள் லா சப்பலின் ரூ பெர்தொனே தெருவில் கரிகாலனின் சாப்பாட்டுக் கடையில் நடந்தன. பக்கத்து மேசைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். பிளேன்டீ கொண்டுவந்து வைக்கும்போது கரிகாலன் ஒருநாள் சீண்டினான்.

“அக்கா, கரடியை என்ன மாதிரி? பிரட்டலோ, குழம்போ?”

“முதல்ல உன்ரை ரோல்ஸுக்குள்ளை கிடக்கிறது என்ன இறைச்சி எண்டு சொல்லு. பிறகு நான் சொல்லுறன்.”

கடை முழுவதும் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம், கரடி என்றாலும் கூட அவளிடம் கறியைப் பற்றித்தானே கேட்கிறார்கள் என்று ஓடிக்கொண்டிருந்தது.

அவளுடைய துப்பாக்கி பழையது. வேட்டைக் குழுவில் இருந்து இறந்துபோன ஒருவரின் மனைவியிடம் வாங்கியது. தோளில் ஊன்றுகிற மரத் தண்டு நீளமாக இருந்ததால் நீக்கிலாஸ் இரண்டு விரல் அளவுக்கு அறுத்துக் குறைத்துக் கொடுத்திருந்தார். இப்போது தோளில் வைத்தால் கன்னம் தானாகவே அதற்குரிய இடத்தில் போய் அமரும். கரடிக்காகக் கொஞ்சம் கனமான தோட்டாக்கள் வாங்கினாள். கனமான தோட்டா சற்றுக் கீழே இறங்கும் என்பதால், மேலே பொருத்திய தூரநோக்கியை அதற்கேற்றபடி திருகித் திருகிச் சரிசெய்தாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை திடலுக்குப் போனாள். மற்ற நாட்களில் வீட்டுக்குள் நடைவழியில் வெறும் துப்பாக்கியோடு படுத்து, மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விசையை இழுத்துப் பழகினாள். தியரியின் துப்பாக்கியையும் நீக்கிலாஸின் துப்பாக்கியையும் கூட அவள்தான் துடைத்துக் கொடுத்தாள். தியரியின் குழலுக்குள் போன வருடத்துத் துரு இருந்தது. சட்டி பானையையே அப்படி வைத்திருக்க விடாதவள், அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

வழிகாட்டியின் கடிதம் அவள் வாழ்க்கையைத் தலைகீழாக்கியது. கரடிக்குக் கண்ணை விட மூக்குப் பெரிது, ஆகவே வாசனைச் சவர்க்காரம், எண்ணெய், வாசனைத் திரவியம் எதுவும் கூடாது என்று எழுதியிருந்தார். கலாவதி தேங்காயெண்ணெயை நிறுத்தினாள். தலைமுடி தும்புக்கட்டை போல நின்றது. வேட்டை உடுப்புகளைச் சோடாத்தூளில் துவைத்துப் பல்கனியில் காயப் போட்டாள். கீழே பாலத்தில் இரண்டாம் இலக்க மெட்ரோ ரயில் போகும்போது பெட்டிக்குள் இருப்பவர்கள் அந்தப் பச்சைக் காற்சட்டையைப் பார்த்துக்கொண்டே போவார்கள். குட்டியோடு நிற்கும் பெண் கரடியைச் சுடவே கூடாது என்பது கடிதத்தின் அடுத்த விதி. மகள் லக்சிகா கைப்பேசியில் கரடிப் படங்களைக் காட்டி, ஆணா பெண்ணா என்று பிரெஞ்சில் கேட்பாள். காதுகள் தலையின் இரு ஓரத்துக்கும் விலகிப் போயிருந்தால் பெரும்பாலும் வளர்ந்த ஆண். நெருங்கி நின்றால் யோசிக்க வேண்டும். ஏப்ரல் நடுவில் கலாவதி பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னாள்.

அவளுடைய கணவன் வாமதேவன் ரூ பெர்தொனேயில் ஒரு நகைக்கடையில் விற்பனையாளர். மெல்லிய மனிதர். மனிசி கரடி பிடிக்கப் போறாவாம், அண்ணை என்ன தேன் எடுக்கப் போறியளோ என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், நகைப்பெட்டியைத் துடைத்துக்கொண்டே சிரித்து மழுப்புவார். போக வேண்டாம் என்று அவளிடம் ஒருதடவையும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கரடியைப் பற்றி நாளுக்கு ஒரு செய்தி கண்டுபிடித்துக்கொண்டு வருவார். கரடி குதிரையளவு வேகத்தில் ஓடுமாம் என்பார். இன்னொரு நாள் பல் துலக்கிக்கொண்டே, கரடி மரமும் ஏறுமாம் என்றார். நானும் ஏறுவன் என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

சூட்டுச் சோதனைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, அவர் வழக்கம் போலப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தாமதமாக வந்தார். வந்து அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். முகத்தில் பல நாட்களாகக் காணாத ஒரு தெளிவு. மனிதர் ஒருவழியாகப் பயத்தை இறக்கி வைத்துவிட்டார் என்று கலாவதி நிம்மதியடைந்தாள்.

சனிக்கிழமை காலை கலாவதியும் நீக்கிலாஸும் தியரியின் வண்டியில் போனார்கள். திடல் பாரிசுக்கு வடக்கே ஒரு மணி நேரம். ஸ்டெஃபானி அவளுடைய வண்டியில் முன்பே வந்திருந்தாள். தாதியாக வேலை செய்கிறவள், நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டாள். திடல் பன்னிரண்டு மணி வரைக்கும்தான் அவர்களுக்கு. தியரி உணவகத்திலிருந்து கொண்டுவந்த சூப் தட்டை அட்டையில் கவிழ்த்து, பென்சிலால் சுற்றி வரைந்து நூறு மீட்டரில் நட்டுவிட்டு வந்தார். அவரும் நீக்கிலாஸும் தங்கள் துப்பாக்கிகளைச் சரிபார்த்து முடிக்கப் பதினொன்று பத்தாகிவிட்டது. பிறகு கலாவதி மேசைக்கு வந்தாள்.

துப்பாக்கியின் பின்பக்கத்தில் முன்னும் பின்னும் ஓடுகிற இரும்புப் பூட்டைப் பிரெஞ்சில் குலாஸ் என்பார்கள். தோட்டாவின் அடியில் குத்துகிற ஊசி அதற்குள்தான் இருக்கிறது. வீட்டில் துப்பாக்கி இரும்புப் பெட்டியிலும், குலாஸ் வேறொரு சிறிய பெட்டியிலும் பூட்டி இருக்கும். அவள் குலாஸை எடுத்துப் பொருத்தினாள். முதல் தோட்டாவைத் தள்ளினாள். மூச்சை விட்டாள், பாதியில் நிறுத்தினாள், இழுத்தாள்.

‘டிக்’ என்றது. அவ்வளவுதான்.

விதிப்படி குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு அரை நிமிடம் பொறுத்தாள். தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தால் அடியில் ஊசி பட்ட தடம் நகக்கீறல் அளவுக்குத்தான் இருந்தது. இரண்டாவதும் டிக். மூன்றாவதும் டிக். தோட்டாப் பெட்டியே பழுதாக இருக்கலாம் என்று நீக்கிலாஸ் சொன்னார். தியரி கடிகாரத்தைப் பார்த்தார். வேண்டுமானால் என்னுடையதால் சுடு என்று தம் துப்பாக்கியை நீட்டினார். கலாவதி வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தாள். தண்டு நீளம், கண் எட்டவில்லை. திருப்பிக் கொடுத்தாள். தான்தான் துடைத்துவிட்டுப் பிழையாகப் பூட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். முகாமின் அடுப்பு கண்ணுக்குள் வந்து போனது.

குலாஸை உருவி முகத்துக்குக் கிட்டே கொண்டு போனபோதுதான் மணத்தது. வீட்டில் இருந்தவரை அந்த வாசனை அவளுக்குத் தெரிந்திருக்காது. வீடே அந்த வாசனைதான். வெட்டவெளியில், ஈரப்புல்லுக்கும் வெடிமருந்துக்கும் நடுவில், அது தனியாக வந்தது. சந்தனம்.

கைப்பேசியை எடுத்தாள்.

“இஞ்சருங்கோ, துவக்குச் சாமான் பெட்டியைத் தொட்டனீங்களே?”

மறுமுனையில் வாமதேவன் சொன்னார்:

“தொட்டனான். கோயிலுக்குக் கொண்டு போனனான். துவக்கை முழுசாக் கொண்டு போகேலாது எண்டு எனக்குத் தெரியும். அதுதான் அந்தத் துண்டை மட்டும்.”

“கொண்டு போய்?”

“தட்டிலை வைச்சு அரிச்சனை செய்வித்தனான். உம்மடை பேருக்கும் நட்சத்திரத்துக்கும். கார்த் திறப்பு வைக்கினம், சோதினைப் பேனை வைக்கினம். இதை வைச்சா என்ன? துணியாலை சுத்தியிருந்ததாலை ஐயருக்கு என்னெண்டு தெரியாது. நீட்டிக்கொண்டிருந்த முனையிலை சந்தனம் வைச்சவர்.”

“எண்ணெய் மாதிரியும் கிடக்குதே.”

“அது நான். வீட்டை வந்து சந்தனத்தைத் துடைக்கேக்கை காய்ஞ்ச மாதிரித் தெரிஞ்சுது. விளக்குக்கு ஊத்தி மிஞ்சின நல்லெண்ணெய் கொஞ்சம் உள்ளுக்கை விட்டனான். ஓட்டை ஒண்டு இருந்துது.”

கலாவதி கண்ணை மூடினாள். திட்ட வேண்டும் போலவும் இருந்தது, சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை. பிறகு கதைக்கிறன் என்று வைத்துவிட்டாள்.

நீக்கிலாஸ் பக்கத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். குரலைத் தாழ்த்தி, “பத்ரோன்கிட்ட இத சொல்லாதீங்க மதாம். ஸ்ப்ரிங் போச்சுன்னு சொல்லிடுவோம். இன்னொரு நாள் கேப்போம்,” என்றார்.

அவள் யோசித்தாள். இன்னொரு நாள் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அதோடு, இது தன் கை செய்த பிழை இல்லை என்று தெரிந்த பிறகு அவளுக்குப் பொய் தேவைப்படவில்லை. தியரியிடம் போய், கணவர் இதைக் கோயிலுக்குக் கொண்டு போயிருக்கிறார், ஊசி போகும் ஓட்டைக்குள் சந்தனமும் விளக்குக்கு ஊற்றுகிற நல்லெண்ணெயும் இருக்கின்றன, கழற்றித் துடைக்க வேண்டும் என்று நேராகச் சொன்னாள்.

தியரி குலாஸை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு, கடவுள் என்ன சொன்னாராம் என்று கேட்டார்.

பன்னிரண்டு மணிக்குள் சுடச் சொன்னார் என்றாள் கலாவதி.

அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. வட்டம் வட்டம்தான், நேரம் நேரம்தான், செய் என்றார்.

மேசையில் ஒரு துணியை விரித்துக் குலாஸைக் கழற்றினாள். உள்ளே இறுகியிருந்த சுருள்வில்லை இழுத்துப் பிடிக்க நீக்கிலாஸ் தன் சப்பாத்து நாடாவை உருவிக் கொடுத்தார். ஊசியும் அதைச் சுற்றிய சுருளும் பழைய பொரியல் சட்டி போலப் பிசுபிசுத்தன. ஊசி முனை நுழைகிற துளையில் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. பல்லுக்குத்தும் குச்சியால் அதைக் கிளறி எடுத்தாள். எண்ணெயைக் கரைக்க ஒன்றும் இல்லையே என்று சுற்றிப் பார்த்தபோது, மேசையில் ஒரு சிறிய போத்தல் வந்து நின்றது. துப்பாக்கி கழுவும் திரவம். வைத்தவள் ஸ்டெஃபானி. திரும்பிப் போய்த் தன் வாங்கில் உட்கார்ந்துகொண்டாள்.

பதினொன்று நாற்பத்தாறுக்குக் குலாஸ் மறுபடியும் பூட்டப்பட்டது. கலாவதி குனிந்தாள். கன்னம் தன் இடத்தில் அமர்ந்தது. முதலாவது வெடித்தபோது அந்தச் சத்தம் அவளுக்கு நல்ல செய்தி போல இருந்தது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவதை இழுக்கும் கணத்தில் பின்னால் யாரோ இருமினார்கள். விரல் ஒரு மயிரிழை முந்திவிட்டது, அவளுக்கே தெரிந்தது. ஐந்தாவதற்கு அவசரப்படவில்லை. இரண்டு மூச்சு விட்டாள், மூன்றாவது மூச்சின் பாதியில் இழுத்தாள்.

நால்வரும் நூறு மீட்டர் நடந்தார்கள். நான்கு துளைகள் வட்டத்தின் நடுவே ஒரு கைப்பிடிக்குள் இருந்தன. ஒன்று மட்டும் வலது ஓரத்தில், பென்சில் கோட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே. தியரி அதன்மேல் விரலை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

ஸ்டெஃபானி குனிந்து பார்த்தாள். கோட்டைத் தொட்டால் உள்ளே, எல்லாத் திடலிலும் அதுதான் விதி என்றாள். தான் அடுத்த வருடம் போவதாகவும் சொன்னாள். பிறகு கலாவதியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வேட்டைக்காரர்கள் ஒருவருக்கொருவர் குலுக்குவது போல, கொஞ்சம் வலிக்கும்படியாக.

வண்டிக்குள் இருந்தபடியே தியரி வழிகாட்டிக்கு மூன்றாவது பெயரை அனுப்பினார். பின் இருக்கையில் நீக்கிலாஸ் பச்சைக் கோப்பை எடுத்துப் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு மையால் எழுதினார். கலாவதி வீட்டுக்கு அழைத்தாள்.

“அஞ்சும் உள்ளை.”

“நான் அரிச்சனை செய்தது வீண் போகேல்லை பாத்தீரே.”

“அதைக் கழுவின பிறகுதான் வெடிச்சது.”

“கழுவின நேரத்திலை கை நடுங்காமல் இருந்ததே, அது?”

பயமாக இல்லையா என்று அவரிடம் கேட்டாள். பயம்தான், ஆனால் நீர் போயிட்டு வாரும் என்றார். முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னார்.

வண்டி பாரிசுக்குள் நுழையும் நேரம் தியரிக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. அப்படியானால் முகாமில் பத்து நாளும் யார் சமைப்பது என்று கேட்டார். நீக்கிலாஸ் டின் மீன் என்றார். கலாவதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, முறை வைத்துச் சமைப்போம், முதல் மூன்று நாள் பத்ரோன் என்றாள்.

திங்கட்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு, உணவகத்தின் அடுப்படியில் தியரி சமையல் மேலங்கியைக் கட்டிக்கொண்டு நின்றார். எதிரில் ஒரு கிண்ணம் வெங்காயம். கண்ணிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கலாவதி மூலையில் கதிரையில் உட்கார்ந்து, கனடாச் சுங்கப் படிவத்தை முழங்காலில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் வேட்டை என்று எழுதினாள். பிறகு தலையை நிமிர்த்தி, இன்னும் சின்னதாக வெட்டுங்கள் என்றாள்.